துப்பாக்கியின் குறியைச் சரிசெய்யத் தக்க தூரம் எது?

1907ஆம் ஆண்டில், குமாயூன் மலைப்பகுதியில் உள்ள சம்பாவத் என்னும் ஊரின் அருகே, ஜிம் கார்பெட் ஒரு பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாயூனிலுமாக 436 மனித உயிர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட புலி அது. அதன் உடலை ஆராய்ந்தபோது, வலப்புறக் கோரைப்பற்களுள் மேற்பல் பாதியளவும், கீழ்ப்பல் எலும்புவரையும் முறிந்திருப்பது தெரிய வந்தது. முன்னொரு காலத்தில் பட்ட துப்பாக்கிக் குண்டே அதற்குக் காரணம் என்றும், தன் இயற்கையான இரையைக் கொல்ல இயலாது போனமையால் அது மனிதரைக் கொல்லத் தலைப்பட்டது என்றும் கார்பெட் எழுதியுள்ளார். கொல்லாமல் காயப்படுத்திய ஒரே குண்டின் விளைவு எத்தனை ஆண்டுகள், எத்தனை ஊர்கள் நீளக்கூடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

குண்டு குறி தவறுவதற்குக் காரணங்கள் பல. கை நடுக்கம், அவசரம், மங்கிய வெளிச்சம் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. பெரும்பாலோர் எண்ணிப் பாராத காரணம் ஒன்றும் உண்டு. துப்பாக்கியின் குறி, அது பயன்படும் தூரத்திற்குப் பொருந்தாத வேறொரு தூரத்திற்குச் சரிசெய்யப்பட்டிருப்பதே அது. படைவீரர்களும் தேசிய மாணவர் படையினரும் இவ்வாறு சரிசெய்வதை 'ஜீரோ செய்தல்' என்பர். எத்தூரத்தில் குறிபார்த்த புள்ளியும் குண்டு படும் புள்ளியும் ஒன்றாகின்றனவோ, அத்தூரத்தைப் பூஜ்ய தூரம் எனலாம். அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது, வனத்துறை ஊழியர்க்கும், மாணவர் படையை நடத்தும் ஆசிரியர்க்கும், பௌதிகம் கற்பிப்பவர்க்கும் ஒருங்கே பயன்தரும் கேள்வியாகும்.

இரண்டு கோடுகளும் ஒரு வளைவும்

குண்டு குழலிலிருந்து வெளிப்பட்ட அந்தக் கணத்திலேயே கீழ்நோக்கி விழத் தொடங்குகிறது. கையிலிருந்து நழுவவிட்ட கல் விழுவது போலவே அதுவும் விழுகிறது. கல் நேரே கீழே விழுகிறது. குண்டோ விழுந்துகொண்டே முன்னோக்கியும் விரைகிறது. எறியப்பட்ட பொருளின் பாதை பரவளைவு வடிவினது என்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஆயினும் அவர் காற்றின் தடையைக் கணக்கிற் கொள்ளவில்லை. 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர், தொங்கவிட்ட மரக்கட்டையில் குண்டைச் செலுத்தி, கட்டை ஆடிய அளவினின்று குண்டின் வேகத்தைக் கணித்தார். காற்றின் தடை அதுவரை கருதப்பட்டதைக் காட்டிலும் மிகப் பெரிது என்பதை அவருடைய சோதனைகள் காட்டின. எனவே குண்டின் உண்மைப் பாதை சரியான பரவளைவு அன்று. தொலைவு செல்லச் செல்ல மேலும் மேலும் செங்குத்தாகச் சரியும் வளைவு அது.

இவ்வளைவோடு தொடர்புடைய நேர்கோடுகள் இரண்டு. முதலாவது, குழலின் அச்சு வழியே செல்லும் கோடு. இரண்டாவது, கண், குறிபார்க்கும் சாதனம், இலக்கு ஆகிய மூன்றையும் இணைக்கும் பார்வைக் கோடு. குறிபார்க்கும் சாதனம் குழலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால், பார்வைக் கோடு குழல் அச்சைவிடச் சில சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. இவ்விரு கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக அமைந்திருந்தால், குண்டு பார்வைக் கோட்டை ஒருபோதும் எட்டாது. ஆகவே, பார்வைக் கோடு கிடையாக இருக்கும்போது குழல் சிறிதே மேல்நோக்கி இருக்குமாறு சாதனம் அமைக்கப்படுகிறது. 'குண்டு வெளிப்பட்டதும் தானே மேலெழும்பும்' என்று சிலர் கூறுவது பிழை. குண்டு குழல் அச்சுக்கு மேலே ஒருகாலும் செல்வதில்லை. சாய்ந்திருப்பது குழலே.

இதன் விளைவாகக் குண்டின் பாதை பார்வைக் கோட்டை இருமுறை வெட்டுகிறது. முதலில் மிக அருகில், கீழிருந்து மேலே செல்லும்போது. பின்னர்த் தொலைவில், மேலிருந்து கீழே இறங்கும்போது. இரண்டாவது வெட்டும் இடமே வழக்கமாகப் பூஜ்ய தூரம் எனப்படுகிறது. இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே குண்டு குறிக்கு மேலேயும், இரண்டாவதைக் கடந்தபின் குறிக்குக் கீழேயும் செல்லும்.

எண்கள் கூறுவது

இந்தியாவில் நெடுங்காலம் புழங்கிய .303 துப்பாக்கியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் ஏழாம் வகைத் தோட்டாவிலுள்ள குண்டின் எடை சுமார் 11.3 கிராம், குழல்வாயில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 744 மீட்டர். குழல் கிடையாக இருப்பின், இக்குண்டு 100 மீட்டர் செல்வதற்குள் சுமார் 9 செ.மீ., 200 மீட்டரில் 40 செ.மீ., 300 மீட்டரில் 96 செ.மீ. அளவு கீழே விழும். தூரம் இரட்டிப்பானால் வீழ்ச்சி நான்கு மடங்குக்கும் மேலாகிறது. தூரம் மும்மடங்கானால் வீழ்ச்சி ஒன்பது மடங்கையும் தாண்டிப் பத்து மடங்காகிறது. காற்றின் தடை வேகத்தைக் குறைத்து, விழுவதற்குக் கூடுதல் நேரம் அளிப்பதே இதற்குக் காரணம்.

தொலைநோக்கி ஒன்று குழல் அச்சுக்கு 4 செ.மீ. மேலே பொருத்தப்பட்டுள்ளது எனக் கொள்வோர்க்கு, மூன்று வெவ்வேறு பூஜ்ய தூரங்களில் குண்டு எங்கே படும் என்பதைக் கீழ்க்காணும் கணக்கு காட்டும். எண்கள் சென்டிமீட்டரில், முழு எண்ணாகத் தரப்பட்டுள்ளன. கூட்டற்குறி குறிக்கு மேலேயும், கழித்தற்குறி குறிக்குக் கீழேயும் என்று கொள்க.

100 மீட்டருக்குச் சரிசெய்தால்: 50 மீட்டரில் 0, 100இல் 0, 150இல் −6, 200இல் −17, 250இல் −35, 300இல் −60.

200 மீட்டருக்குச் சரிசெய்தால்: 50 மீட்டரில் +5, 100இல் +9, 150இல் +7, 200இல் 0, 250இல் −14, 300இல் −34.

300 மீட்டருக்குச் சரிசெய்தால்: 50 மீட்டரில் +10, 100இல் +20, 150இல் +24, 200இல் +23, 250இல் +15, 300இல் 0.

இம்மூன்று வரிகளையும் ஒப்பிட்டு நோக்கினால் உண்மை விளங்கும். துப்பாக்கி ஒன்றே, குண்டும் ஒன்றே, சுடுபவரும் ஒருவரே. 200 மீட்டருக்கெனச் சரிசெய்யும்போது குழலின் சாய்வு ஒரு பாகையில் சுமார் எட்டில் ஒரு பங்குதான். அச்சிறு சாய்வை மாற்றுவதனால் மட்டுமே 150 மீட்டரில் குண்டு படும் இடம் 6 செ.மீ. கீழிருந்து 24 செ.மீ. மேல்வரை, ஒரு சாணுக்கும் மேலாக மாறிவிடுகிறது. 'தொலைதூரத்திற்குச் சரிசெய்து வைத்தால் அண்மையில் தானே சரியாகப் படும்' என்னும் எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை மூன்றாம் வரி தெளிவாக்கும்.

இலக்கின் அளவைக் கேட்க வேண்டும்

பூஜ்ய தூரத்தைத் தேர்வதில் முதற்கண் எழ வேண்டிய கேள்வி, 'துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும்?' என்பதன்று. 'குண்டு எவ்வளவு விலகினால் பொறுக்கலாம்?' என்பதே.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை, சட்டப்படி அனுமதி பெற்ற ஒருவர் சுட நேர்கிறது எனக் கொள்ளலாம். விலங்கு துன்பமின்றி உடனே இறக்க வேண்டுமாயின், குண்டு இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியில் பட வேண்டும். அப்பகுதியை 15 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டமாகக் கருதுவது பாதுகாப்பான மதிப்பீடாகும். வட்டத்தின் நடுவைக் குறிபார்த்தால், மேலேயும் கீழேயும் 7.5 செ.மீ. வரை இடமுண்டு. மேற்சொன்ன .303 துப்பாக்கியைச் சுமார் 190 மீட்டருக்குச் சரிசெய்தால், குண்டு வழியில் எங்கும் 7.5 செ.மீட்டருக்கு மேல் உயர்வதில்லை; சுமார் 220 மீட்டர் வரை அதற்கு மேல் தாழ்வதுமில்லை. அதுவரை தூரத்தைப் பற்றிக் கவலாமல் நடுவையே குறிபார்க்கலாம் என்று கணக்கு கூறுகிறது. வட்டம் 10 செ.மீ. விட்டமாகச் சிறுத்தால், பூஜ்ய தூரம் 160 மீட்டராகவும், எல்லை 190 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் சுருங்கும்.

இக்கணக்கு அழகியது, ஆயினும் அரைகுறையானது. துப்பாக்கியும் சுடுபவரும் பிழையே செய்யாதவர் என்று அது கொள்கிறது. ஒரே புள்ளியைக் குறிபார்த்துச் சுடப்பட்ட ஐந்து குண்டுகள் ஒரே துளையில் படுவதில்லை. ஒரு சிறு வட்டத்தினுள் சிதறிப் படுகின்றன. களத்தில், சாய்ந்து நின்றோ முழந்தாளிட்டோ சுடும் ஒருவரின் குண்டுகள் 100 மீட்டரில் 5 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தினுள் படுகின்றன எனின், அவர் தேர்ந்தவரே. அதே சிதறல் 200 மீட்டரில் 10 செ.மீ. ஆரமாக விரியும். அங்கே இலக்கின் ஆரமோ 7.5 செ.மீ.தான். குண்டின் வளைவு சிறிதும் இல்லையென்று கொண்டாலும், அவருடைய குண்டுகளுள் சில உயிர்நிலைக்கு வெளியே பட்டே தீரும். அவ்வாறு படும் குண்டு கொல்லாது, காயப்படுத்தும்.

ஆகவே அவருடைய உண்மை எல்லை 220 மீட்டர் அன்று. சுமார் 100 மீட்டர். அந்த எல்லைக்குள் 190 மீட்டர்ப் பூஜ்யம் அவருக்கு நன்மை எதையும் அளிப்பதில்லை. மாறாக, 100 மீட்டரில் குண்டை 7 செ.மீட்டருக்கும் மேலே கொண்டுசென்று, அவருக்குரிய இடம் முழுவதையும் வீணே தின்றுவிடுகிறது. 100 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கியிலோ, 20 மீட்டர் முதல் 120 மீட்டர் வரை குண்டு குறியினின்று 2 செ.மீட்டருக்கு மேல் விலகுவதில்லை. எஞ்சிய இடம் முழுவதும் அவருடைய கைப்பிழைக்கு மிஞ்சுகிறது. வனப்பகுதியில் செடிகொடிகளின் நடுவே பார்வைக்கு எட்டும் தூரமே பெரும்பாலும் 100 மீட்டருக்குக் குறைவு என்பதையும் சேர்த்து எண்ணினால், களப்பணியாளர்க்கு 100 மீட்டரே ஏற்ற தூரம் என்பது விளங்கும்.

படைவீரரின் கணக்கு வேறு

படைத்துறையில் வேறு முறை வழங்குவதைக் கண்டு சிலர் மயங்குவர். அங்கே இலக்கு மனித உருவின் அளவினது. தூரம் கணந்தோறும் மாறும். குறியை மாற்றியமைக்க நேரம் கிடையாது. எனவே ஏறத்தாழ 300 மீட்டருக்குச் சரிசெய்து, உருவத்தின் நடுப்பகுதியைக் குறிபார்ப்பது அங்கே பொருந்தும். ஏ.கே.எம். துப்பாக்கியின் பின்குறியில், தூரத்தை அளவிட நேரமில்லாத வேளைக்கென்றே ஏறத்தாழ 300 மீட்டருக்குரிய நிலையான இடம் ஒன்று அமைந்துள்ளது. 24 செ.மீ. விலகல் ஒரு போர்க்கள இலக்கில் பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஒரு விலங்கின் இதயத்தைக் குறிபார்ப்பவர்க்கு அது முழுத்தோல்வி.

படைத்துறையும் காலப்போக்கில் இலட்சியத்தைவிட உண்மையையே பின்பற்றியது. பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் பின்குறி 2000 கஜம் வரை அளவிடப்பட்டிருந்தது. இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் 1960-களில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கென அதே அமைப்பில் துப்பாக்கி செய்யப்பட்டபோது, '2ஏ1' என்னும் வகையில் குறியின் அளவு 800 மீட்டராகக் குறைக்கப்பட்டது. எட்டக்கூடிய தூரம் வேறு, பயன்படக்கூடிய தூரம் வேறு என்பதை இம்மாற்றம் ஒப்புக்கொண்டது.

மாணவரின் .22 துப்பாக்கி

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மாணவர் படையில், மாணவர் முதலிற் கையாள்வது .22 துப்பாக்கியே. அதன் குண்டு நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்தை ஒட்டி, செல்கிறது. வேகம் குறைவாதலால் அதன் வளைவு மிகுதி. குழலுக்கு 2.5 செ.மீ. மேலே குறி அமைந்த துப்பாக்கியை 25 மீட்டருக்குச் சரிசெய்தால், குண்டு 50 மீட்டரில் 3.6 செ.மீ. கீழேயும், 100 மீட்டரில் 31 செ.மீ. கீழேயும் படும். 100 மீட்டருக்குச் சரிசெய்தால், 50 மீட்டரில் 12 செ.மீ. மேலே படும்.

50 மீட்டர்ப் போட்டிக்குரிய பன்னாட்டு இலக்குத்தாளில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. ஆதலின் இலக்குச் சுடுதலில் தேர்வுக்கே இடமில்லை. தூரம் நிலையானது, அது அளந்து குறிக்கப்பட்டது. எத்தூரத்தில் சுடப்படுமோ, அத்தூரத்திற்கே சரிசெய்ய வேண்டும். 25 மீட்டர்ச் சுடுதளத்தில் நன்றாகச் சுட்ட மாணவன் 50 மீட்டர்த் தளத்தில் தாழச் சுடுவதைக் கண்டு, 'விசையைப் பதற்றத்துடன் இழுக்கிறான்' என்று கடிந்துகொள்ளும் முன், குறியின் தூரம் மாற்றப்பட்டதா என்று பயிற்றுநர் பார்ப்பது நலம். தன் பிழையல்லாத ஒன்றைத் திருத்த முயலும் மாணவன், இருந்த திறனையும் இழந்துவிடுவான்.

அருகிற் சரிபார்ப்பதன் வசதியும் ஆபத்தும்

100 மீட்டர்ச் சுடுதளம் எங்கும் கிடைப்பதில்லை. குண்டின் பாதை பார்வைக் கோட்டை அருகிலும் ஒருமுறை வெட்டுகிறது என்னும் உண்மையைக் கொண்டு, குறுகிய தளத்திலேயே தொலைதூரப் பூஜ்யத்தை ஏறத்தாழ அமைக்கலாம். குறி உயரமாக அமைந்த 5.56 மி.மீ. துப்பாக்கிகள் சிலவற்றில், 25 மீட்டரில் சரிசெய்தால் 300 மீட்டரை ஒட்டிப் பாதை மீண்டும் குறியில் வந்து சேர்வது இம்முறைக்கு எடுத்துக்காட்டு.

வசதியான முறைதான், ஆனால் முடிவான முறையன்று. மேற்சொன்ன .303 துப்பாக்கியில் 100 மீட்டர்ப் பூஜ்யத்திற்கு 25 மீட்டரில் குண்டு 1.2 செ.மீ. கீழே பட வேண்டும். 200 மீட்டர்ப் பூஜ்யத்திற்கு 1 செ.மீ. மேலே பட வேண்டும். இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு இரண்டு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. அதாவது, 25 மீட்டரில் கட்டைவிரல் அகலத்திற்கு ஏற்படும் பிழை, பூஜ்ய தூரத்தையே இரட்டிப்பாக்கிவிடும். 25 மீட்டரில் 1 செ.மீ. தவறினால், 200 மீட்டரில் அது 8 செ.மீ. ஆகும். எனவே அருகிற் சரிபார்ப்பதைத் தொடக்கமாக மட்டுமே கொள்க. இறுதிச் சோதனை, தேர்ந்தெடுத்த தூரத்திலேயே நடைபெற வேண்டும். அத்தூரமும் காலடியால் அன்றி, நாடாவால் அளக்கப்பட வேண்டும்.

சரிசெய்யும் முறை

துப்பாக்கியை மணல்மூட்டையின்மேல் தாங்கவைத்து, களத்தில் பயன்படுத்தப் போகும் அதே வகைத் தோட்டாக்களைக் கொண்டு ஐந்து முறை சுட வேண்டும். ஐந்தும் முடியும்வரை குறியைத் தொடலாகாது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை குறியை நகர்த்துபவர், குறியின் பிழையை விட்டுவிட்டுத் தற்செயலான சிதறலைத் துரத்துகிறார்.

100 மீட்டரில் ஐந்து குண்டுகள் குறிக்கு மேலே முறையே 6, 9, 4, 8, 8 செ.மீ. உயரத்தில் பட்டன எனக் கொள்ளலாம். கூட்டுத்தொகை 35, சராசரி 7. ஆகவே குறியை 7 செ.மீ. தாழ்த்த வேண்டும். மூன்றாம் குண்டை மட்டும் நம்பியிருந்தால் 4 செ.மீ.தான் தாழ்த்தப்பட்டிருக்கும், இரண்டாவதை நம்பியிருந்தால் 9 செ.மீ. ஆகியிருக்கும். ஒரு கோண நிமிடம் 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 செ.மீ. ஆகும். கால் நிமிடத்திற்கு ஒரு 'கிளிக்' ஒலிக்கும் தொலைநோக்கியில், ஒரு கிளிக் 100 மீட்டரில் சுமார் 0.7 செ.மீ. நகர்த்தும். ஆகவே பத்துக் கிளிக்குகள் தாழ்த்தினால் போதும்.

தொலைநோக்கி இல்லாத துப்பாக்கியில், முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையேயுள்ள நீளத்தைப் பிழையால் பெருக்கித் தூரத்தால் வகுக்க வேண்டும். அந்நீளம் 50 செ.மீ., பிழை 10 செ.மீ., தூரம் 100 மீட்டர் எனின், குறியை நகர்த்த வேண்டிய அளவு அரை மில்லிமீட்டர். பின்குறியைக் குண்டு செல்ல வேண்டிய திசையிலும், முன்குறியை அதற்கு எதிர்த்திசையிலும் நகர்த்துவது விதி.

மறுநாள், குழல் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது ஒரே ஒரு குண்டைச் சுட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. சுடுதளத்தில் ஐந்தாம் குண்டு சூடேறிய குழலிலிருந்து வருகிறது. களத்திலோ, முடிவு செய்வது முதற்குண்டே. பின்னர்த் துப்பாக்கியின் எண், தோட்டாவின் வகை, பூஜ்ய தூரம், நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, பூஜ்ய தூரத்தைத் துப்பாக்கியின் கட்டையிலும் ஒரு துண்டுத்தாளில் ஒட்டிவைக்கலாம். ஒரே துப்பாக்கி பலர் கைமாறும் அலுவலகங்களில் இது மிகத் தேவை. முன்னவர் 200 மீட்டருக்குச் சரிசெய்ததைப் பின்னவர் அறியாமல் 100 மீட்டரில் சுட்டால், குண்டு 9 செ.மீ. மேலே செல்லும், பழி அவருடைய கையின்மேல் விழும். கீழே விழுந்த துப்பாக்கியையும், தோட்டா வகை மாற்றப்பட்ட துப்பாக்கியையும் மீண்டும் சோதிக்காமல் களத்திற்கு எடுத்துச் செல்லலாகாது.

மலையும் வெயிலும்

சரிவில் மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு குறிக்கு மேலேயே செல்லும். ஈர்ப்பு விசையின் ஒரு பகுதி மட்டுமே பாதைக்குக் குறுக்காகச் செயற்படுவதே காரணம். 200 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கு 30 பாகைச் சரிவில் இருப்பின், அதன் கிடைத்தூரம் 173 மீட்டர்தான். சமவெளியில் படுவதைவிட .303 குண்டு அங்கே சுமார் 5 செ.மீ. மேலே படும். 2000 மீட்டர் உயரமுள்ள மலையில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. இதனால் தடை குறையும். எனினும் 100 மீட்டருக்குள் வேறுபாடு புலப்படாது. வெயிலில் காய்ந்த தோட்டாவில் வெடிமருந்து விரைந்து எரிவதால் வேகமும் அழுத்தமும் கூடும். தோட்டாக்களை நிழலில் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

மயக்க ஊசித் துப்பாக்கி

வனத்துறையில் இன்று பெரிதும் வேண்டப்படுவது கொல்லும் துப்பாக்கியன்று. மயக்க ஊசியைச் செலுத்தும் துப்பாக்கி. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, முதல் அட்டவணையிலுள்ள விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானதாக மாறினாலும், அதைப் பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ இயலாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் தெளிந்த பின்னரே கொல்ல அனுமதிக்கலாம். ஆகவே முதற்கடமை ஊசிக்கே.

பூஜ்ய தூரத்தின் அருமை இங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது. ஊசி நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்கிறது எனின், 30 மீட்டரைக் கடக்க அரை நொடி ஆகும். அதற்குள் அது சுமார் 1.2 மீட்டர் விழுந்துவிடும். 30 மீட்டருக்குச் சரிசெய்த அத்துப்பாக்கியில், விலங்கு 25 மீட்டரில் நின்றால் ஊசி 17 செ.மீ. மேலேயும், 35 மீட்டரில் நின்றால் 24 செ.மீ. கீழேயும் செல்லும். காற்றின் தடையையும் சேர்த்தால் பிழை இன்னும் மிகும். ஐந்து மீட்டர்த் தவறான மதிப்பீடு, தொடைத் தசையில் பட வேண்டிய ஊசியை வயிற்றிலோ முதுகெலும்பிலோ கொண்டு சேர்க்கும். இப்பிழையை அழுத்தத்தை மிகுத்துச் சரிக்கட்டவும் இயலாது. அளவு கடந்த வேகத்தில் பாயும் ஊசி தசையைக் கிழித்து எலும்பையும் முறிக்கும். எனவே ஒவ்வொரு அழுத்தத்திற்கும் ஒவ்வொரு தூரத்திற்கும் முன்னரே சோதித்து அட்டவணை எழுதி வைத்தலும், களத்தில் தூரத்தை லேசர்க் கருவியால் அளந்தபின் சுடுதலும் முறையாகும்.

வகுப்பறையில்

ஆசிரியர் துப்பாக்கியின்றியே இப்பாடத்தை நடத்தலாம். வரைபடத்தாளில் கிடையாக 1 செ.மீட்டருக்கு 20 மீட்டர் எனவும், செங்குத்தாக 1 செ.மீட்டருக்கு 10 செ.மீ. எனவும் அளவு கொண்டு, மேலே தரப்பட்ட மூன்று வரி எண்களையும் மூன்று வண்ணங்களில் மாணவர் வரையட்டும். பின்னர் 15 செ.மீ. உயரமுள்ள பட்டை ஒன்றைப் பார்வைக் கோட்டின் இருபுறமும் சமமாகத் தீட்டி, ஒவ்வொரு வளைவும் எத்தூரம் வரை பட்டையினுள் அடங்குகிறது என்று காணட்டும். செங்குத்து அளவு கிடை அளவைவிட 200 மடங்கு பெரிதாக்கப்பட்டுள்ளது என்பதை ஆசிரியர் நினைவூட்ட வேண்டும். இல்லையேல், குண்டு மாங்காய்க்கு எறிந்த கல்லைப்போல் வளைந்து செல்வதாக மாணவர் எண்ணிவிடுவர். உண்மை அளவில், 100 மீட்டரை ஒரு மீட்டர்க் கோடாக வரைந்தால், தொலைநோக்கியின் 4 செ.மீ. உயரம் அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது.

தேர்வு விதிகள்

மேற்கூறியவற்றினின்று பெறப்படும் விதிகள் எளியவை. தூரம் நிலையானதாயின், அத்தூரத்திற்கே சரிசெய்க. தூரம் மாறக்கூடியதாயின், இலக்கின் உயிர்நிலை அளவினின்று சுடுபவரின் சிதறலைக் கழித்து, மிஞ்சும் இடத்திற்குள் வளைவு அடங்குமாறு பூஜ்ய தூரத்தைத் தேர்க. ஐயம் எழுமிடத்து, தொலைவான பூஜ்யத்தினும் அண்மையான பூஜ்யமே நன்று. எத்தூரத்தில் சோதிக்கப்படவில்லையோ, அத்தூரத்தில் சுடாமை அதனினும் நன்று.

குறி தவறிய குண்டு அங்கேயே நின்றுவிடுவதில்லை என்பதும் மறக்கலாகாது. .22 குண்டுகூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் செல்லவல்லது; .303 குண்டு அதனினும் பன்மடங்கு தொலைவு செல்லும். இலக்கின் பின்னே மண்மேடு உண்டா, வயலில் ஆள் உண்டா, சாலை உண்டா என்று பார்த்தபின்னரே விரல் விசையைத் தொட வேண்டும். நாடாவால் அளந்த நூறு மீட்டர், ஐந்து தோட்டா, பதிவேட்டில் ஒரு வரி ஆகியவற்றிற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. களத்திற்குச் செல்லும் ஊழியரின் உயிரும், அவரை நம்பியிருக்கும் ஊராரின் உயிரும், வலியறியாது இறக்க வேண்டிய விலங்கின் உரிமையும் அச்சிறு செலவினால் காக்கப்படுகின்றன.